அக்கா நடுத்திரைக்கு வந்த கதை

என் அக்காவுக்குக் காது கேட்காது. இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு 'ஐயோ பாவம்' வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை எழுப்பி அனுப்பிவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டியிருக்கிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது பரிதாபப்படுவதற்கான கதை இல்லை. பெருமைப்பட்டு எழுதுவது. தம்பிக்காரன் எழுதுவதால் பீற்றல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காது கேளாதவர்கள் தங்களுக்குள் ஒருவர் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. ஆளை நன்றாகப் பார்த்துவிட்டு ஒரு சைகை வைத்துவிடுவார்கள். அதுதான் பெயர், சாகும்வரை மாறாது. அக்காவின் பெயர், இடது புருவத்தை ஒரு விரலால் மேலே தள்ளுவது. நம்ப முடியாத எதையாவது சொன்னால் அவளுக்கு அந்த ஒரு புருவம் மட்டும் தனியாக எழும்பும். அவள் வேலை செய்யும் இடத்தில் கன்னக்குழி என்றொரு பெண் உண்டு, சுருட்டை என்றொரு பையன் உண்டு. என் பெயர் நகம் கடிப்பது. கடல் தாண்டி வந்து இத்தனை காலமாகியும் அந்தப் பெயரை மாற்றிக்கொள்ளும்படி நான் எதுவும் செய்துவிடவில்லை. அக்கா பேசுவதெல்லாம் கையால்தான். அதை நான் இங்கே வாய்ப்பேச்சாக எழுதுகிறேன்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய சலவைக்கூடத்தில். மருத்துவமனை, விடுதிகளின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும் இடம். துவைத்துப் பிழிந்த விரிப்பை ஒரு முனையில் கொடுத்தால், சூடான உருளைகள் அதை இழுத்து, இஸ்திரி போட்டு மறுமுனையில் தள்ளும். அந்த உருளை இயந்திரத்தின் வாயில் நிற்பவள் அக்கா. விரிப்பின் இரண்டு மூலையையும் பிடித்து ஒரு சுருக்கம் இல்லாமல் உள்ளே விடுவதற்குக் கையில் ஒரு பக்குவம் வேண்டும். மடிக்கிற மேசையில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம், உருளையில் நிற்க முடியாது என்பாள். அங்கே காது கேளாதவர்கள் ஒரு சின்னக் கூட்டமாக உண்டு. இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் மற்றவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டிருக்க, இவர்கள் மட்டும் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிதானமாகக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் ஒரு பழைய கணினி. கன்னக்குழியின் கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியது. அந்தக் கல்யாணத்தை வீடியோ எடுத்தவர் பாட்டாகப் போட்டு நிரப்பி, பூவும் இதயமுமாகப் பறக்கவிட்டு ஒரு டிவிடி கொடுத்தார். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கையால் பேசுகிறவர்கள். அவர்கள் பேச ஆரம்பித்த இடத்திலெல்லாம் முகத்தை மட்டும் கிட்டத்தில் காட்டி, கையை வெட்டிவிட்டிருந்தார். வாழ்த்து சொன்ன யாருடைய வாழ்த்தும் அதில் இல்லை. அக்கா மூலப் பதிவை வாங்கிவந்து, மென்பொருளை இறக்கி, இணையத்தில் யார் யாரோ யார் யாருக்கோ சொன்ன யோசனைகளையெல்லாம் படித்துப் படித்து, தானே வெட்டி ஒட்டி வேறொரு டிவிடி செய்துகொடுத்தாள். அதிலிருந்து அவள் வட்டத்தில் எந்த விசேஷம் என்றாலும் டிவிடித் தகடு இவள் வீட்டில்தான் சுடப்படும், அதாவது பதியப்படும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சலவைக்கூடத்துக்குப் புது நிர்வாகம் வந்தது. இயந்திரத்தில் நிற்கிற ஒவ்வொருவரும் பாதுகாப்புப் படம் பார்த்து, பிறகு கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், தேறாதவர்கள் மடிக்கிற மேசைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. படம் முன்பே இருந்ததுதான். தலைக்கவசம் போட்ட ஒரு மனிதர் நின்ற இடத்தில் நின்று பேசிக்கொண்டே இருப்பார். எழுத்து ஒரு வரி கிடையாது. முன்பெல்லாம் அக்கா கூட்டத்தினர் அதன் எதிரே மரியாதையாக உட்கார்ந்திருந்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். இனி அது நடக்காது. எச்சரிக்கை மணி கேட்காதவர்களை இயந்திரத்தில் வைத்திருக்கவே வேண்டுமா என்று மேலே ஏற்கெனவே பேச்சு. அவர்கள் தேறாமல் போனால் பேச்சு முடிந்துவிடும்.

பாதுகாப்பு அதிகாரி நல்ல மனிதர். சட்டைப்பையில் எப்போதும் பேனாக்கள் வரிசையாக நிற்பதால் அவருக்குப் பேனா என்றே சைகை. அக்கா அவரிடம் ஒரு காகிதத்தில் எழுதிக் கேட்டாள்: படத்தை நான் சைகையில் செய்துகொண்டு வந்தால் போட்டுக் காட்டுவீர்களா? அவர் யோசித்தார். நேரில் நின்று யாராவது சைகை காட்டலாம், ஆனால் ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஆள் கிடைக்காது. அக்காவே நிற்கலாமென்றால், தேர்வுக்கு உட்காருகிறவள் அன்றைக்கு வாத்தியாராகவும் நிற்கக்கூடாது. படமாக இருந்தால் முன்கூட்டியே சைகைப் பள்ளி ஆசிரியை ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். சரி என்றுவிட்டார். ஒரே நிபந்தனை, அது டிவிடியாக இருக்க வேண்டும். பயிற்சி அறையில் இருப்பது பழைய டிவியும் பழைய பிளேயரும். வெளியிலிருந்து வரும் பென்டிரைவை எந்தக் கணினியிலும் செருகக்கூடாது என்று கட்டளை.

படத்தில் அந்த மனிதர் பேசியது வேற்று மொழி. அதைத் தமிழில் எழுதி அனுப்பும் வேலை எனக்கு வந்தது. இரண்டு மொழியில் படித்தவன் என்று வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. நான் அகராதி புரட்டி, 'தீவிபத்து நேரிடுங்கால் பணியாளர்கள் பதற்றமின்றி வெளியேறுதல் வேண்டும்' என்கிற ரீதியில் பக்கம் பக்கமாக அனுப்பினேன். அன்று சாயங்காலமே வீடியோ அழைப்பு. புருவம் மேலே இருந்தது.

"தம்பி, இந்தத் தமிழைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள எல்லாரும் கருகிப்போயிடுவோம்."

அவளே அதை உடைத்து, மூன்று சைகையில் முடித்தாள். வரவேற்பறைச் சுவரில் ஒரு கறுப்பு விரிப்பைக் கட்டி, எதிரே புத்தக அடுக்கின் மேல் போனை நிறுத்தி, ஒரு விடுமுறை நாள் முழுக்க நின்று பேசினாள். சைகை ஆசிரியை பார்த்துவிட்டு இரண்டு இடத்தில் மட்டும் திருத்தம் சொன்னார். டிவிச் செய்திகளில் சைகை சொல்பவரைக் காட்டுவார்களே, அது மாதிரி படத்தின் வலது கீழ்மூலையில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் தன்னைப் பொருத்திக்கொண்டாள். இனித் தகடு சுடுவதுதான் பாக்கி என்று நாங்கள் நினைத்தோம்.

சுடுகிற மென்பொருள் முக்கால்வாசி தூரம் போய்விட்டு, பாதை கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றது. அத்தான் லிப்ட் பழுது பார்ப்பவர். எந்த யந்திரமாக இருந்தாலும் அணைத்துப் போட்டால் புத்தி வந்துவிடும் என்பது அவர் கட்சி. அணைத்துப் போட்டார். புத்தி வரவில்லை. நான் இங்கிருந்து, மென்பொருளை மாற்று, தகட்டை மாற்று, வேகத்தையும் குறைத்துப் பார் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அக்கா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள்.

சலவையில் அவளுக்கு ஒரு முறை உண்டு. விடாத கறை வந்தால் ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான் போடுவாள், அதுவும் ஒரு ஓரத்தில். இரண்டைச் சேர்த்துப் போட்டால் கறை எதனால் போனது என்றும் தெரியாது, துணி எதனால் இற்றது என்றும் தெரியாது. கணினியிலும் அப்படித்தான். படத்திலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டி, அழித்து அழித்து எழுதக்கூடிய ஒரு தகட்டில் போட்டுப் பார்ப்பாள். முதலில் தகட்டை மட்டும் மாற்றினாள். அதே வரி. வேகத்தை மட்டும் மாற்றினாள். அதே வரி. படத்தையே எடுத்துவிட்டுக் கன்னக்குழி கல்யாணத்தைப் போட்டாள். அது கச்சிதமாகச் சுட்டது. ஆக மென்பொருள் நல்லது, தகடு நல்லது. இரண்டு படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாகத் திரும்பி அத்தானைப் பார்த்தாள்.

படத்தை வைப்பதற்கு அத்தான் ஒரு ஃபோல்டர் திறந்து, மனைவி மேல் உள்ள பிரியத்தில் அதற்குத் தமிழிலேயே 'முதலாளியம்மா படம்' என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பழைய மென்பொருளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வரிசையாகக் கேள்விக்குறியாகத்தான் தெரியும். வழி தெரியாமல் நின்றுவிட்டது. அக்கா இரண்டே இங்கிலீஷ் எழுத்தில் பெயரை மாற்றினாள், தகடு முழுதாக வெந்து வெளியே வந்தது.

"ஆசையா ஒரு பேரு வெச்சேன் மாப்பிள்ளை, அதுகூட இந்தப் பெட்டிக்குப் பொறுக்கல" என்று அத்தான் என்னிடம் முறையிட்டார். அக்கா அவர் உதட்டைப் படித்துவிட்டாள்.

"ஆசையை எங்கிட்ட வைங்க. பெட்டிக்குள்ள வெக்காதீங்க."

தகட்டைப் போட்டு அத்தான் முழுப் படமும் பார்த்தார். அருமை, வாயும் சத்தமும் அப்படியே ஒட்டுகிறது என்று சான்றிதழ் கொடுத்தார். அவர் பார்த்தது தலைக்கவச மனிதரை. அக்கா பார்த்தது தன் கையை. ஆரம்பத்தில் சரியாக இருந்த கை, போகப் போகப் பின்தங்கியது. கடைசிக் காட்சியில் தீயை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, மூலையில் அக்கா மட்டும் 'ஓடு, ஓடு' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தானால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவாலும்தான்.

இதற்கும் ஒவ்வொரு மருந்தாகப் போட்டுப் பார்த்து, கடைசியில் காரணம் போனில்தான் என்று கண்டுபிடித்தாள். போன் காமிரா, வெளிச்சம் கூடினால் நொடிக்கு அதிகப் படமும், குறைந்தால் கொஞ்சமாகவும் எடுத்துவைத்துக்கொள்கிறது. டிவிடி செய்கிற மென்பொருளோ நொடிக்கு நொடி ஒரே கணக்கு என்று நம்பிவிடுகிறது. பதிவு செய்த அன்று மேகம் போட்டிருந்தது. மேகம் விலகி வெயில் அடித்த ஒவ்வொரு தடவையும் படம் கூடிப்போய் அக்கா கொஞ்சம் பின்தங்கியிருக்கிறாள். போன் பதிவை முதலில் தனியாக ஒரே சீரான கணக்குக்கு மாற்றிவிட்டு, பிறகு படத்தோடு சேர்த்தாள். தீயும் கையும் ஒன்றாக வந்தன.

தேர்வு திங்கட்கிழமை. முந்தைய சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், பயிற்சி அறையில் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. அங்கே இருந்தது பின்பக்கம் பானை மாதிரி புடைத்த பழைய டிவி. பேனா தகட்டைப் போட்டார். அக்கா, கன்னக்குழி, சுருட்டை எல்லோரும் உட்கார்ந்தார்கள். படம் ஓடியது. பேனா திரும்பி, பிரமாதம் என்று கட்டைவிரலைக் காட்டினார். கன்னக்குழி அக்காவைத் தட்டினாள்.

"பாதிதான் சொல்றே. மீதி எங்க?"

அக்காவின் வலது கை திரையில் இல்லை. இந்தப் பழைய டிவிக்களுக்குப் படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் சட்டத்துக்குள் விழுங்கிவிடுகிற பழக்கம் உண்டாம். வீட்டிலிருந்த கணினித் திரையோ கடைசிப் புள்ளிவரை காட்டியது. தலைக்கவச மனிதருக்கு ஓரம் போனால் நஷ்டமில்லை, அவர் நடுவில் நின்று வாயால் பேசுகிறவர். மூலையில் நின்ற அக்காவுக்கோ ஒரு கை போனால் பேச்சில் பாதி போயிற்று. இருந்த பாதியும் விரல் விரலாகத் தெரியாமல் கட்டம் கட்டமாகக் குழைந்திருந்தது. தேதியைத் தள்ளிப்போடத் தனக்கு அதிகாரமில்லை என்று பேனா எழுதிக் காட்டினார். திங்கட்கிழமை இந்தத் தகட்டைத்தான் போட வேண்டுமென்றால், செவ்வாய்க்கிழமை எல்லோரும் மடிக்கிற மேசையில் நிற்பார்கள்.

ஞாயிறு காலை அழைத்தபோது அக்கா மேசையில் காப்பி ஆறிக்கிடந்தது. என் பங்குக்கு நானும் இணையத்தைக் குடைந்து ஒரு யோசனை வைத்திருந்தேன்: மொத்தப் படத்தையும் கொஞ்சம் சுருக்கி, சுற்றிலும் கறுப்புக் கரை விட்டுவிடு, டிவி கரையைத் தின்னட்டும். அதை அவள் எழுந்ததுமே செய்து பார்த்துவிட்டிருந்தாள். கை உள்ளே வந்தது. ஆனால் சின்னச் சதுரம் இன்னும் சின்னதாகி, விரலெல்லாம் சேர்ந்து கையுறை போட்ட மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பதற்றத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. இன்னொரு அதிகாரியைப் பார்க்கலாமா, மனு எழுதலாமா என்று என்னென்னவோ சொன்னேன். அவள் என் பெயரைச் சொன்னாள். அதாவது நகத்தைக் கடித்துக் காட்டினாள். நான் வாயிலிருந்து விரலை எடுத்தேன்.

பிறகு தலைக்கவச மனிதர் பேசும் இடத்தில் படத்தை நிறுத்தி, அவரைக் காட்டிக் கேட்டாள்:

"இந்த ஆளு என்ன பண்றான்?"

"பேசறார்" என்றேன்.

"பேசறதைத் தவிர?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப அவன் மூலையில நிக்கட்டும். நான் நடுவுல வரேன்."

அத்தான் எழுந்துவிட்டார். கம்பெனிப் படம், கம்பெனி ஆளு, அவரைப் போய் மூலையில் தள்ளினால் நம்மைச் சும்மா விடுவார்களா என்று கைகளாலும் வாயாலும் சேர்த்துக் கேட்டார். அக்கா பேனாவுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டாள். பதில் வந்தது: படத்தில் எதையும் வெட்டக்கூடாது என்றுதான் விதி, யார் எங்கே நிற்க வேண்டும் என்று எதுவும் எழுதியிருக்கவில்லை.

அப்புறம் அந்த வீடு ஒரு பட்டறை ஆயிற்று. அக்கா கறுப்பு விரிப்பின் முன்னால் நின்ற தன் பதிவைத் திரை நிறையப் பரப்பினாள். தலைக்கவச மனிதரை ஒரு பெட்டிக்குள் போட்டு, டிவி விழுங்க முடியாதபடி ஓரத்திலிருந்து தள்ளி, தன் தோளுக்கு மேலே வைத்தாள். தீ, உருளை, இயந்திரத்தை நிறுத்தும் அவசரக் கயிறு என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டிய இடங்களில் மட்டும் படம் பெரிதாகி முன்னுக்கு வரும், அப்போது அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். எல்லாவற்றையும் டிவிடிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றுகிற என்கோடிங் வேலையைத் தொடங்கினாள். கணினி பாதியில் சூடேறி, மூச்சு நின்று அணைந்தது. இந்தத் தடவை அத்தானின் கட்சி எடுபட்டது, வேறு விதமாக. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே விசிறியில் பஞ்சு மாதிரி தூசி. லிப்ட் மோட்டாருக்கு வைத்திருக்கிற தூரிகையால் சுத்தம் பண்ணி, மேசை விசிறியை அதன் வாய்க்கு நேரே திருப்பிவைத்தார். ஃபியூஸ் போய்விடக்கூடாதென்று வீட்டில் வேறெதையும் போடக்கூடாது என்று தடையுத்தரவு போட்டுவிட்டு, வியர்க்க வியர்க்கப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, ஆச்சா, ஆச்சா என்று கேட்டு அனுப்பினேன். "வெந்துக்கிட்டிருக்கு மாப்பிள்ளை, மூடியைத் திறக்காதே" என்று பதில் போட்டார்.

வெயில் தாழும்போது முடிந்தது. பழைய பிளேயர் வம்பு பண்ணும் என்று மிக மெதுவான வேகத்தில் சுட்டாள். எனக்கு மறுபடி வீடியோ அழைப்பு போட்டு, தகட்டைக் காமிராவுக்குக் காட்டினாள். அதில் எழுதியிருந்தது கம்பெனி பெயரும் தேதியும்தான். முகத்தில் மட்டும், நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிற, யாரும் என்னை அசைக்க முடியாது என்கிற அந்த நிமிர்வு.

திங்கட்கிழமை நடந்ததைப் பலபேர் பலவிதமாகச் சொன்னார்கள். நான் சேர்த்துத் தருகிறேன். பயிற்சி அறையில் படம் ஓடியது. பானை டிவியின் திரை நிறைய அக்கா, இரண்டு கையோடும் பத்து விரலோடும். தோளுக்கு மேலே தலைக்கவச மனிதர் சின்னதாக வாயசைத்துக்கொண்டிருந்தார். யாரும் கண்ணை எடுக்கவில்லை. நடுவில் ஓரிடத்தில் எல்லோரும் சிரித்தார்களாம், பேனா மட்டும் ஏன் என்று தெரியாமல் சேர்ந்து சிரித்தாராம். அந்த இடத்தில் அக்கா, ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுகிறவன் எப்படித் துள்ளுவான் என்று செய்து காட்டியிருந்தாள். மூலப் படத்தில் அது 'தவிர்க்கப்பட வேண்டும்' என்று ஒரு வரி.

சைகை ஆசிரியை கேள்விகளைக் கையில் கேட்க, ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். பேனா குறித்துக்கொண்டே போனார். கடைசியாகச் சுருட்டையைக் கூடத்துக்கு அழைத்துப்போய், விரிப்பு உருளையில் சிக்கினால் என்ன செய்வாய், காட்டு என்றார். எந்தக் கயிறு என்று தொட்டுக் காட்டினால் போதும் என்பது அவர் எண்ணம். சுருட்டை ஒரே எட்டில் போய் அவசரக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். வரிசை மொத்தமும் தடாலென்று நின்றது. கூடமே திரும்பிப் பார்த்தது. மேலாளர் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். என்ன ஆச்சு என்று அவர் கேட்க, பேனா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "தேர்வுதான் சார். இவ்வளவு வேகமா இதை யாரும் நிறுத்தி நான் பார்த்ததில்லை" என்றாராம்.

எல்லோரும் தேறினார்கள். மணியோடு கூடவே மின்னி எரியும் சிவப்பு விளக்கை ஒவ்வொரு இயந்திரத்திலும் மாட்டிய பிறகு அவரவர் பழைய இடத்திலேயே நிற்கலாம் என்று மேலே முடிவானது. விளக்கு கண்ணில் படுகிற உயரத்தில் இருக்க வேண்டும், எலக்ட்ரீஷியன் இஷ்டத்துக்கு மாட்டக்கூடாது என்று அக்கா கூடவே நின்று இடம் காட்டினாளாம். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கும் அவள் தகட்டைத்தான் போடுகிறார்கள், காது கேட்கிறவர்களுக்கும் சேர்த்து. கடைக்கோடியில் உட்காருகிறவர்களுக்கு அந்த மனிதரின் குரல் எட்டுவதில்லை, இவளுடைய கை எட்டுகிறது.

விளக்கு மாட்டி முடித்த மறுநாள் கன்னக்குழி எனக்கு வேலை நேரத்தில் வீடியோ அழைப்பு போட்டாள். போனைத் துணி மூட்டைகளின் மேல் சாய்த்துவைத்துவிட்டுப் போய்விட்டாள். திரையில் அக்கா, உருளையின் வாயில். விரிப்பை எடுப்பதும், மூலைகளை உதறிப் பிடிப்பதும், உள்ளே விடுவதுமாக இருந்தாள். நான் கையசைத்தேன். பார்த்துவிட்டாள், புருவத்தை மட்டும் தூக்கினாள். பேச முடியாது, இரண்டு கையும் வேலையாக இருந்தன.